சீல் சேரும் இரண்டு யோகேஸ்வரிகளும்

மலைநாட்டில் சீல் சேர் எட்டிப் பார்க்காத கக்கூஸ் கிடையாது. சிரிக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலிலிருந்து நோர்வூட் டவுனில் லொறி திருத்தும் கராஜ் வரைக்கும், எங்கெல்லாம் எங்கள் காலேஜ் பிள்ளைகள் வேலைப் பயிற்சிக்குப் போனார்களோ, அங்கெல்லாம் போய் நின்று அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க புள்ளைக போற பாத்ரூம் எங்கிட்டு இருக்குங்க?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எங்க உக்காந்து சாப்பிடுவாங்க?" மூன்றாவதாகத்தான் வேலையைப் பற்றிப் பேச்சு வரும். அதற்குள் பாதி முதலாளிமாருக்குத் தலை சுற்றிவிடும்.

காலேஜ் என்றால் பெரிய காலேஜ் ஒன்றும் இல்லை. ஹட்டன் டவுனில், கீழே ஹார்ட்வெயார் கடையும் மேலே வகுப்பறையுமாக இருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையம். ஹோட்டல், கணக்கு, அழகுக்கலை, மோட்டார் என்று நாலு பாடம். ஒரு வருஷம் வகுப்பு, அதற்குப் பிறகு ஆறு மாதம் வெளியே உண்மையான வேலைத்தளத்தில் பயிற்சி. அந்த ஆறு மாதம் முடியாவிட்டால் சான்றிதழ் கிடையாது. பிள்ளைகளுக்கு இடம் தேடுவது, அனுப்புவது, போய்ப் பார்ப்பது மூன்றும் இவர் பொறுப்பு.

காலேஜின் ரப்பர் முத்திரையை மேசையில் வைக்க மாட்டார். சட்டைப் பையில் வைத்திருப்பார். மைப்பெட்டியும் அதே பையில்தான். அதனால் அவருடைய எல்லாச் சட்டையிலும் நெஞ்சுக்கு நேரே ஓர் ஊதாத் தழும்பு இருந்தது. இடம் கிடைத்ததும் கடிதத்தை எழுதி அங்கேயே அடித்துக் கொடுத்துவிடுவார். பஸ் பொனட்டில் அடித்திருக்கிறார், கோயில் திருவிழாவில் தவில்காரர் முதுகில் வைத்து அடித்திருக்கிறார். ஒரு சாவு வீட்டில், இறந்தவரின் அண்ணன் பேங்க் மனேஜர் என்று தெரிந்ததும், பாடை தூக்குவதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். சாரை நாங்கள் சேர் என்போம், அப்படித்தான் அவர் சீல் சேர் ஆனார்; அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அழகுக்கலைப் பயிற்சிக்குப் போன ஒரு பிள்ளையைப் பார்க்க ஒரு தடவை கண்டிக்குப் போயிருக்கிறார். சலூன்கார அம்மா, "உங்க புள்ளைக்கு இன்னும் கை பழகல" என்று இழுத்தாராம். நம்ம சேருக்கு ரோசம் வந்துவிட்டது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எங்கிட்ட பழகட்டும்" என்று தன் புருவத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை பயத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடவே எடுத்துவிட்டது. ஒரு மாதம் முழுக்க, யார் என்ன சொன்னாலும் நம்பாதவர் மாதிரி ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், "நல்லாத்தான் செய்யுது, வேகந்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அறிக்கை வேறு.

பயிற்சிக்குப் போகிறவர்கள் தினமும் ஒரு டயரி எழுத வேண்டும். இன்று என்ன வேலை செய்தேன், என்ன கற்றுக்கொண்டேன் என்று. யாருமே படிக்காத அந்த டயரிகளை இவர் ஒரு வரி விடாமல் படிப்பார். தேயிலை பெக்டரி ஆபிஸுக்குப் போன ஒருவன் முதல் நாள் மட்டும் எழுதிவிட்டு, மீதி ஒரு மாதத்துக்கும் "மேற்படி, மேற்படி" என்று போட்டு வைத்திருந்தான். சேர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "குளிப்பதும் மேற்படிதானா?"

ஒரே ஒரு விஷயத்தில்தான் மனுஷன் இரும்பு. பொய்க்கு சீல் அடிக்க மாட்டார். டவுனில் பெரிய கடைக்காரர் ஒருவர், பயிற்சிக்குப் போகாத தன் மகனுக்குப் போனதாக ஒரு கடிதம் கேட்டு வந்தார். வேனோடு வந்தார், பழக்கூடையோடு வந்தார். சேர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, "மொதலாளி, மகன் ஆறு மாசம் போயிட்டு வரட்டும், நான் வீட்டுக்கே வந்து அடிச்சித் தாறேன்" என்று சொல்லிவிட்டார். பழக்கூடை வந்த வேனிலேயே திரும்பிப் போனது.

இதெல்லாம் பிற்பாடு நான் கேள்விப்பட்டவை. நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அந்தக் காலேஜ் படியை மிதித்தவளே இல்லை. ஆனால் அவர் சீல் அடித்த கடிதத்தோடு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சியில் இருந்தேன். அது எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு அப்போது தனித்தனி முகவரி கிடையாது. பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதினால் போதும், கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வரும். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒருநாள் "யோகேஸ்வரி" என்று கூப்பிட்டார். நான் நின்றேன், கை நீட்டினேன், வாங்கினேன். தோட்டத்தில் இன்னொரு யோகேஸ்வரி உண்டு. நான் கீழ்க்கணக்கு, அவள் மேற்கணக்கு. எங்கள் தோட்டங்களில் பிரிவுகளைக் கணக்கு என்றுதான் சொல்வோம். மேற்கணக்குக்குப் பெரட்டுக் களம் வேறு. அன்றைக்கு அவள் அங்கே இல்லை, நான் இருந்தேன், அவ்வளவுதான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. டவுனில் போட்டோக்கொப்பி கடை அக்காவிடம் காட்டினேன். "ஏய், ஹோட்டல்ல ஆறு மாசம் ட்ரெய்னிங்டி. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்கு. எங்கள் மாணவின்னு காலேஜுல இருந்து எழுதியிருக்காங்க. நீ எப்படி காலேஜ் போன?"

"போறேன்தாங்கக்கா, பார்ட் டைம்" என்றேன். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ!

அது யாருடைய கடிதம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மேற்கணக்கு யோகேஸ்வரி வெள்ளைச் சட்டை போட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறுவதை ஒரு வருஷமாகக் கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியும், அப்பா வருத்தம் வந்து படுத்துவிட்டதால் கொழுந்து கிள்ள மலைக்கு இறங்கியவள். ஆபிஸ் வேலை கேட்டு நாலு இடத்துக்கு மனுப் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. முதன்முதலாக என் பெயர் போட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை போய்விட்டேன்.

போன இடத்தில் வேலையில் என்னை அடிக்க ஆளில்லை. கொழுந்து கிள்ளிய கைக்குத் தலையணை உறை மாற்றுவது ஒரு வேலையா? மற்றவர்கள் மூன்று அறை முடிப்பதற்குள் நான் ஐந்து முடித்துவிட்டுப் படிக்கட்டுப் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். மனேஜர் மாத்தயா, அவர் சிங்களவர், என்னைக் காட்டித்தான் மற்றவர்களுக்குத் திட்டுவார். பகலெல்லாம் சந்தோஷம். கட்டிலில் படுத்தால் மட்டும் வெள்ளைச் சட்டை யோகேஸ்வரி ஞாபகம் வரும். இந்நேரம் கடிதம் வரவில்லை என்று காத்துக்கொண்டிருப்பாள். அவள் இரண்டு தரம் காலேஜுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். சேரைத்தான் காணவில்லை. அவரை ஆபிஸில் பிடிப்பதை விட பஸ்ஸில் பிடிப்பது சுலபம் என்று பிறகுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இருபத்துமூன்றாம் நாள் சீல் சேர் வந்தார். வந்ததை யாருக்கும் சொல்லவில்லை. வரவேற்பு மண்டபத்துச் சோபாவில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ வாங்கி, அதை மருந்து மாதிரி சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு மனேஜரிடம் போய், "எங்க புள்ளையப் பாக்கணும்" என்றிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். வாயெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றவர் என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தன் பிள்ளைகளில் ஒருத்தியின் முகத்தையும் மறக்காதவர் அவர்.

"உங்க காலேஜுல எப்படித்தான் சொல்லிக் குடுக்குறீங்களோ!" என்று மனேஜர் சிங்களத்தில் புகழ்ந்துகொண்டிருந்தார். "இந்த மாதிரி இன்னும் ரெண்டு பேர் அனுப்புங்க."

சேர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க உக்காந்து சாப்பிடுறன்னு காட்டு" என்றார்.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பார்த்தார். அந்த நேரத்திலும் அதை விடவில்லை, பாருங்கள்! பிறகுதான் திரும்பினார்.

"நீ யாரும்மா?"

"யோகேஸ்வரிங்க சேர். கீக்கணக்கு."

"இது மேக்கணக்குப் புள்ளைக்கு நான் எழுதின கடிதம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சேர். எனக்கு வந்ததுன்னு நெனச்சிக்கிட்டேன்."

சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை, ஈர விறகைத்தான் பார்த்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

நினைத்திருந்தால் சும்மா போயிருக்கலாம். மனேஜருக்கு ஆள் திருப்தி, காலேஜுக்கு நல்ல பெயர், எனக்கு வாழ்வு. ஆனால் மேற்கணக்கில் ஒரு பிள்ளை சான்றிதழ் இல்லாமல் நிற்குமே. நேரே மனேஜர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மனேஜர் குதிகுதியென்று குதித்தார். ஆள்மாறாட்டம் என்றார், பொலிஸ் என்றார். நான் கதவருகே நின்று அழுதேன்.

"பொலிசுக்குப் போறதா இருந்தா என்னயக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் சேர், தன் உடைந்த சிங்களத்தில். "எந்தக் கணக்குன்னு நான் எழுதல. பிழை என்னோடது. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"எழுதிக் கொடுங்கள்" என்றார் மனேஜர்.

எழுதினார். கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்து அடித்தார். மை சரியாகப் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தார், அதுவும் பாதிதான் விழுந்தது. வாயால் ஊதி, மூன்றாம் தரம் ஓங்கி அடித்தார். தன்மேல் குற்றம் எழுதிய காகிதத்துக்கு இத்தனை சிரத்தையாக யாராவது முத்திரை குத்துவார்களா! மனேஜருக்கே என்னமோ போலாகிவிட்டது. குதிப்பதை நிறுத்திவிட்டு சேருக்கு இன்னொரு பிளேன்டீ சொன்னார். சேர் அதோடு விடுகிற ஆளா? "இருபத்திமூணு நாள் இந்தப் புள்ள நல்லா வேல செஞ்சிச்சின்னு நீங்களும் ஒரு கடிதம் குடுங்க" என்று அவரிடமும் ஒன்று எழுதி வாங்கிவிட்டார்.

அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானுஓயா வரைக்கும் அழுதேன். அவர் ஒரு பனிஸ் ரொட்டியை வாங்கி என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலவாக்கலையில் பஸ் நின்றதும் பையைத் திறந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

"ஓ.எல்.ல கணக்குப் பாடம் என்னா?"

"சீ-ங்க சேர்."

"இங்கிலீசு?"

"எஸ்-ங்க. சும்மா பாஸ்தாங்க."

"பரவால்ல, எனக்கும் அதான்" என்றார். கண்டக்டரிடம் டிக்கட் போர்டை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வளைவுக்கு வளைவு எழுத்தும் வளைந்தது. முகவரியில் இந்தத் தடவை ஒன்றும் விடவில்லை: கீழ்க்கணக்கு, நாலாம் லயம், மூன்றாம் காம்பிரா, வாசலில் நொண்டி நாய். ஹட்டன் வருவதற்குள் நான் அடுத்த வருஷ ஹோட்டல் வகுப்புக்கு மனுப் போட்டவளாகிவிட்டேன்.

மறுநாள் மேற்கணக்கு யோகேஸ்வரியை அவரே கூட்டிப் போய் ஹோட்டலில் விட்டார். நான் மூன்று மாதம் மலையில் நின்றேன். "என்னாங்க மனேஜரம்மா, கொழுந்தெல்லாம் நல்லாருக்குங்களா?" என்று பெட்டைகள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். மூன்று மாதம் கழித்து, வகுப்பில் சேரச் சொல்லி எனக்கே கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை நொண்டி நாய்வரை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் சேரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். தெரிந்தே போனேன் சேர், தெரிந்தே பொய் சொன்னேன் சேர், என்று பஸ்ஸிலேயே பாடமாக்கியிருந்தேன். பயிற்சிப் பிரிவில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனேஜரிடம் எழுதிக் கொடுத்த காகிதம் காலேஜுக்கு வந்து விசாரணை நடந்து, சேரைக் களஞ்சிய அறைக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே விளக்குமாறு, வாளி, கரும்பலகைத் துடைப்பான் எல்லாவற்றுக்கும் சீல் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? வகுப்பு ஏறுதா?" என்றார். அந்த வாளிகளுக்கு நடுவில் அவரைப் பார்த்ததும், பாடமாக்கியதை விட்டுவிட்டு, "ஏறுதுங்க சேர்" என்று மட்டும் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட, நடு வருஷத்தில் அவர் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் ஆறு மாதப் பயிற்சிக்குக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. மாதத்துக்கு ஒரு தரம் போனில் ஒரு படிவம் வரும், நட்சத்திரம் குத்தி அனுப்ப வேண்டும். நானும் குத்தினேன். ஆறு மாதத்தில் ஒருத்தர்கூட நேரில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அந்த ஹோட்டலில் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் சோபாவைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் வர மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். இன்றைக்கு நானே ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன், இன்னும் பார்க்கத்தான் செய்கிறேன்.

போன மாதம் தற்செயலாக அவர் பூண்டுலோயாவில் தங்கை வீட்டில் இருப்பதாகத் தெரிய வந்தது. அடுத்த லீவு நாளில் கிளம்பிவிட்டேன். மனுஷன் மெலிந்து போயிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"யாரு?"

"யோகேஸ்வரிங்க சேர். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். ஹோட்டல் வகுப்பு."

முகம் மலர்ந்துவிட்டது. "மேக்கணக்கா! வா, வா. உக்காரு. சாப்பிட்டியா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "மத்த யோகேஸ்வரி எங்க இருக்கா, தெரியுமா? கீக்கணக்கு. அவ நெனப்பாவே இருக்கு எனக்கு" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் கடிதம் தன்னோடது இல்லன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். வெறகப் பாத்துக்கிட்டே சொன்னா. பொய் சொல்லத் தெரியாத புள்ள."

"அப்ப ஏங்க சேர் ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"தெரியும்னு எழுதியிருந்தா அவள எந்தக் காலேஜுல எடுப்பாங்க?" கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. "என் சர்வீசுல பொய்க்கு அடிச்ச சீல் அது ஒண்ணுதான். அதான் மூணு தரம் அடிச்சும் ஒழுங்கா விழல. அவ நல்லா இருந்தா அது வீண் போகல. இருக்காளான்னுதான் தெரியல."

"சேர், அந்தப் பொண்ணு நான்தாங்க" என்றேன்.

எழுந்து கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, புரை விழுந்த கண்ணால் வெகுநேரம் பார்த்தார். "கீக்கணக்கா? நீயா?" என்று என் தலையைத் தொட்டார். "நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது." உடனே அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப மேக்கணக்குப் புள்ள? அவளுக்கு என்னாச்சு? அவளக் காணமே!"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் என்னைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன், நான் கிடைத்த மறு நிமிஷம் கிடைக்காதவளைத் தேடப் போய்விட்டார். அவள் டுபாயில் ஒரு ஹோட்டலில் இருக்கிறாள். அப்போதே அவளைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். "தங்குற எடத்துல தண்ணி வருதா? பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இருக்கா?" என்று இவர் கேட்க, அந்தப் பக்கம் அவள் அழ, இவர் அதற்கு ஆறுதல் சொல்ல, பேச்சு முடிகிற வழியாக இல்லை. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போகத்தான் எனக்கு மனசு வரவில்லை.